சத்தியமங்கலத்தில் கொடுத்த ரத்தம்

கர்த்தருக்குள் அன்பானவருக்கு, ஸ்தோத்திரம்.

மூன்று மாதம் முன்பு சோமனூரில் நம் சபை நடத்திய ரத்ததான முகாமில், "போன மாசந்தான் கொடுத்தனுங்க" என்று போதகர் ஐயரிடம் சொல்லி நழுவினீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இன்று சத்தியமங்கலம் ஆஸ்பத்திரி நர்ஸ் நம் வீட்டுக்குப் போன் செய்தார். "அண்ணனை வரச் சொல்லுங்கக்கா. டீனா பாப்பாவுக்கு மறுபடியும் ரத்தம் ஏத்தோணும்."

"எங்கூர்ல கொடுக்க வரிசையில நிக்கறாங்க. அங்க ஆளில்லீங்களா?"

"மலையடிவாரத்துக்கு ஆருங்க வாராங்க? அண்ணன் ஒருத்தருதான் வருசக்கணக்கா வாராரு."

அப்போதெல்லாம் நூல் வாங்கப் போவதாக அல்லவா என்னிடம் சொன்னீர்கள்? இடதுகைக்குத் தெரியாமல் தர்மம் செய்யச் சொல்கிறது வேதம். மனைவிக்குத் தெரியாமல் என்று எங்கும் படித்ததில்லை.

என் ரத்தமும் உங்கள் வகைதான். நானே போய்க் கொடுக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில். குழந்தை பிழைக்க ஜெபித்தேன். முகம் யாருடைய சாயல் என்றும் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி