மூன்று இடத்தில் நின்ற தாலாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன்னைக் கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று போனில் மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இசைக்குறிப்பு எழுதும் அந்த மாயாஜால வீடியோ கேமின் முதல் பாகத்தில், ராணி இறக்கும் கட்டத்துக்கு உன் தாலாட்டைத்தான் வைத்தோம். "செத்தவளுக்கா தாலாட்டு?" என்று தலையில் அடித்துக்கொண்டாயே! இப்போது இரண்டாம் பாகத்துக்காக நீ மறுபடி பாடி அனுப்பியதை, ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

இன்று ஒலிப்பதிவு. நாற்பது வயலின்களும் இரண்டாம் வரியின் நடுவில் சட்டென்று நின்று, மறுபடி தொடங்கின. இப்படி மூன்று இடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இசையமைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் பாகத்துல இந்த நிறுத்தம் இல்லையேம்மா. யார் யோசனை?" என்றார்.

யார் யோசனையும் இல்லை, அம்மா. நாலு வருடத்துக்கு முன் நீ ஒரே மூச்சில் பாடிய வரி அது. இந்தமுறை நீ நின்ற இடங்களை அளந்து எழுதியவளே நான்தான். அது மூச்சிரைப்பு என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. இதைப் படித்ததும் அண்ணனோடு டாக்டரிடம் போ. மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. ஞாயிறன்று போன் போட்டு, அணைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார். பேச வேண்டாம், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். மறுபடி அதையேதான் வாசிக்கப் போகிறார்கள். நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

உன் மகள்