ட்வைலாவின் இடது தோள்

ஜூன் 4

குலுக்கலில் விழுந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்குமே.

பதினாறு வருடம். ஒவ்வொரு ஏப்ரலிலும் விண்ணப்பம் போடுவது, ஒவ்வொரு ஜூனிலும் "இல்லை" என்ற பதிலோடு ஆறுதலுக்கு ஒரு புள்ளி வாங்கிக்கொள்வது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இன்றைக்கு ஹார்ன் க்ரீக் மலையில், அக்டோபர் ரைபிள் வேட்டை சீசனில், ஆளுக்கொரு கடா எல்க் மான் சுட அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. நானும் தங்கை ட்வைலாவும் ஒரே குழுவாகப் போட்டது. ஒருவருக்குக் கிடைத்தால் இருவருக்கும். இல்லையென்றால் இருவருக்கும் இல்லை.

துள்ளிக் குதிக்க வேண்டிய நாள். ஆனால் ஏப்ரல் கடைசியில் அவளுக்கு வலது கண் போய்விட்டது. கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். தூங்கி எழுந்தாள், பாதி உலகத்தைக் காணோம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். இப்போது அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டு கழுவுகிறாள். வாழ்நாள் முழுக்க வலது தோளில் துப்பாக்கி வைத்து வலது கண்ணால் குறி பார்த்தவள்.

போனில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்படியா அண்ணே? அப்ப டச்சஸுக்கு லாடம் அடிக்கணுமே" என்றாள். டச்சஸ் எங்கள் கோவேறு கழுதை.

இவளை என்ன செய்வது?

ஜூன் 9

கஃபேயில் ஓரின் பிடித்துக்கொண்டான். பக்கத்துப் பண்ணைக்காரன், சின்ன வயதிலிருந்தே சிநேகிதன், வாயை மூடத் தெரியாதவன்.

"சீட்டைத் திருப்பிக் குடுத்துருங்கடா. செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு, புள்ளி பூரா திரும்ப வந்துரும். சீசனுக்குப் போயிட்டு ஒண்ணும் கிடைக்கலைன்னா அத்தனையும் பூஜ்யம். ஒத்தக் கண்ணை வச்சுக்கிட்டு மலையில அவ என்னத்தைச் சுடப் போறா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் வேலையைப் பாரு என்று எழுந்து வந்துவிட்டேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஜூன் 16

அவளிடம் சொல்லியே விட்டேன். அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தொப்பியைத் திருகிக்கொண்டு. கண்ணுக்கு எப்படி ஆகிறது என்று பார்க்கலாமே, ரெண்டு வருஷம் கழித்துப் போகலாமே என்று.

கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள்.

"பஸ்ஸைக் கேட்டாங்க, குடுத்துட்டேன். ராத்திரி கார் ஓட்டாதன்னாங்க, ஓட்டலை. இதை மட்டும்தான் யாரும் கேக்கலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். நீ கேக்குற."

முகத்தைப் பார்க்க முடியவில்லை. காபி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 30

இடது தோளுக்கு மாறிவிட்டாள்! சமையலறை மேஜைமேல் முழங்கையை ஊன்றி, காலித் துப்பாக்கியை ஜன்னல் வழியாக வேலிக்கம்பத்துக்கு நீட்டி, விசையை இழுக்கிறாள், தோட்டா ஏற்றும் போல்ட்டைத் திறக்கிறாள், மறுபடி இழுக்கிறாள். அவள் துப்பாக்கியில் போல்ட் வலது பக்கம். இடது தோளில் வைத்துக்கொண்டு அதைத் திறப்பது, வலது கையால் இடது காதைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலைதான். ஒவ்வொரு தடவையும் மூக்கில் இடித்துக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கெட்ட வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

"எத்தனை தடவை இழுத்த?" என்று கேட்டேன்.

"தோள் வலிக்கிற வரைக்கும். அப்புறம் கொஞ்சம்."

ஜூலை 7

ஓரின் வந்தான். கையில் இடது கைக்காரர்களுக்கான ரைபிள், போல்ட் இடது பக்கம். அவன் மச்சான் விட்டுவிட்டுப் போனதாம்.

"சும்மா கிடக்குது. துரு பிடிக்காம பார்த்துக்கச் சொல்லு அவளை" என்று என்னிடம் சொன்னான். அவள் ரெண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மனுஷனுக்கு நல்லது செய்யவும் வெட்கம்.

ஜூலை 14

இன்றைக்கு என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

சுடும் மைதானத்தில் படுத்துச் சுட்டாள். முகத்தை அளவுக்கு மீறி முன்னால் வைத்துவிட்டாள். துப்பாக்கி உதைத்த வேகத்தில் குறி பார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு இடது புருவத்தில் வெட்டிவிட்டது. ரத்தம் கண் முழுக்க. இருக்கிற ஒரே கண்! ஓடினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவள் உட்கார்ந்து சட்டைக் கையால் துடைத்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியுதா? தெரியுதாடி?"

"தெரியுது. உன் தாடியில முட்டை ஒட்டிட்டு இருக்கு."

மூன்று தையல். திரும்பி வரும்போது இதோடு போதும் என்று வண்டியில் சொன்னேன், கெஞ்சினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 21

தையல் பிரித்த அன்றைக்கே மறுபடி சுடப் போயிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. ஓரின் சொல்லித்தான் தெரியும். கூட்டிக்கொண்டு போனதே அவன்தான், துரோகி.

ஆகஸ்ட் 11

ஹார்ன் க்ரீக்குக்கு மேலே, இடம் பார்க்க.

நடப்பது அவளுக்குப் பழைய மாதிரி இல்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பள்ளம் மேடு தெரிவதில்லை. கோலால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் கால் வைக்கிறாள். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள். இப்போது ஃபிளாஸ்கின் வாயைக் கோப்பை விளிம்பில் முட்டவைத்து ஊற்றக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் உதவிக்குக் கையை நீட்டினால் முறைக்கிறாள்.

ஆனால் பைனாகுலரை எடுத்து உட்கார்ந்தாளென்றால் அவளை அசைக்க முடியாது. எதிர்ச் சரிவில் நான் இரண்டு எல்க் பார்த்தேன். அவள் ஒன்பது பார்த்தாள். அதில் ஒரு பெரிய கடா, கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை.

கூடாரம் எங்கே போடுவது என்று சண்டை. ஓடைக்குப் பக்கத்தில் போடலாம் என்றேன். என் முழங்கால் அப்படித்தான் சொல்லும்.

"வெயில் பட்டதும் காத்து மேல ஏறும் அண்ணே. கீழ இருந்தோம்னா நம்ம நாத்தம் பூரா நேரா அதுங்க மூக்குக்குப் போகும். விடியறதுக்கு முன்னாடி நாம மேல போய் உக்காந்திருக்கணும். உன் முழங்காலுக்காக எல்க் மூக்கை மூடிக்குமா?"

காற்றின் திசை பார்க்க வைத்திருக்கும் பவுடரைத் தூவிக் காட்டினாள். மேலே போனது. மேலேயே போடுவதென்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 25

இருநூறு கஜத்தில் காகிதத் தட்டு. ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டுக்குள்ளே. ஓரின் தட்டைக் கழற்றி எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தான், ஓட்டைகள் நிஜமா என்பதுபோல.

"முன்னூறுக்கு நகர்த்தட்டுமா?" என்றான்.

"வேண்டாம். இருநூறுதான் எனக்கு. அதுக்கு மேல ஒரு அடி இருந்தாலும் பார்த்துட்டு வந்துருவேன்."

ஆண்பிள்ளைகள் நாங்கள் எத்தனை பேர் கஃபேயில் உட்கார்ந்து நானூறு, ஐந்நூறு என்று அளந்திருக்கிறோம்! தன் எல்லை இதுதான் என்று இந்த ஊரில் ஒருவன் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

செப்டம்பர் 11

சீட்டைத் திருப்பிக் கொடுக்க நாளை கடைசி நாள்.

கேட்கலாமா? இன்னும் ஒரே ஒரு தடவை? கொடுத்தால் பதினாறு வருடப் புள்ளியும் பத்திரம். போய்விட்டு வெறுங்கையோடு வந்தால்? எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. இன்னொரு பதினாறு வருடம் யார் கண்டது.

செப்டம்பர் 13

தேதி போய்விட்டது. நான் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 6

டச்சஸுக்குப் பொதி ஏற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கப் பெட்டியும் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் மகாராணி பாதி வழியில் படுத்துக்கொள்வாள். ட்வைலா குளியலறை எடைபார்க்கும் இயந்திரத்தைக் கொட்டகைக்குத் தூக்கிவந்து, ஒரு பக்கம் பீன்ஸ் டப்பா, மறுபக்கம் அடுப்பு என்று மாற்றி மாற்றி வைத்தாள். கடைசியில் ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தது. என் பூட்ஸை எடுத்துப் போட்டாள். "உன் காலைவிட இதுதான் கனம்."

முதல் குண்டு அவளுடையது என்று பேசிக்கொண்டோம். அவள் சுடும்வரை நான் விசையைத் தொடுவதில்லை. அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

அக்டோபர் 12

சீசன் முதல் நாள். கை விறைத்திருக்கிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இருட்டிலேயே ஏறி, மேட்டுக்குப் பின்னால் படுத்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆஸ்பென் மரங்களின் ஓரமாக வந்தது. ஆகஸ்டில் பார்த்த அதே கடாதான் என்று நினைக்கிறேன். என்ன ஒரு மிருகம்! கழுத்து கருத்து, கொம்பு பின்னால் முதுகு வரைக்கும். இடது கொம்பில் ஒரு நுனி உடைந்திருந்தது. மூச்சு புகையாக வருகிறது. பக்கவாட்டில் அப்படியே நின்றது. தூரம் அளக்கும் கருவியில் பார்த்தேன். நூற்று எழுபது.

"நூத்தி எழுபது. சுடு" என்று கிசுகிசுத்தேன்.

சுடவில்லை.

"சுடு ட்வைலா."

விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. கன்னம் துப்பாக்கியில் ஒட்டியிருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் சுடவில்லை. கண் மங்கிவிட்டதா? பயந்துவிட்டாளா? பதினாறு வருடம் கண் முன்னால் நிற்கிறது, இவள் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சுடுடீ என்று வாய்க்குள்ளேயே கத்தினேன்.

அப்போது கடாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டை எல்க் தலையை நீட்டியது. ஒட்டி நின்றிருக்கிறது. சுட்டிருந்தால் குண்டு கடாவைத் துளைத்து அதன் வயிற்றில் போயிருக்கும். எங்களிடம் பெட்டைக்குச் சீட்டு இல்லை. அதைவிட, குடலில் குண்டோடு அது எங்கேயாவது போய் மெதுவாகச் செத்திருக்கும்.

பெட்டை நடந்தது. கடா அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தது, ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. மரங்களுக்குள் போய்விட்டன.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"அதோட காலை எண்ணினேன். அஞ்சு இருந்துச்சு."

என்னிடம் இரண்டு கண் இருந்தது. நல்ல பைனாகுலர் இருந்தது. நான் கொம்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி பின்னாடி எது நிக்குதுன்னு இப்ப எனக்குத் தெரியறதில்ல அண்ணே. எல்லாம் ஒரே படமா ஒட்டிட்டுத் தெரியுது. அதான் எதைச் சுட்டாலும் முதல்ல காலை எண்ணறதுன்னு வச்சிருக்கேன்."

மதியம் ரொட்டியைப் பிரித்தவள் தின்னாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "தப்புப் பண்ணிட்டேனா? வேற இடத்துல படுத்திருந்தா தனியாக் கிடைச்சிருக்குமோ? இல்ல, பெட்டை வந்து ஒட்டறதுக்கு முந்தியே..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 13

பனி. முழங்கால் வரை. எதுவும் நகரவில்லை, நாங்கள் உட்பட.

அக்டோபர் 15

பனிக்குப் பயந்து எல்க் எல்லாம் மலையை விட்டு இறங்கிவிட்டன. தடத்தைப் பிடித்துக்கொண்டே நாங்களும் இறங்கினோம். தடம் நேராகத் தனியார் பண்ணையின் வேலிக்குப் போய், வேலியைத் தாண்டி, உள்ளே போயிற்று.

அங்கே நிற்கிறது நம்ம ஆள். நுனி உடைந்த அதே கொம்பு. வேலியிலிருந்து நூறு கஜம்கூட இருக்காது. யாரோ மாட்டுக்குப் போட்ட வைக்கோலை நிதானமாகத் தின்றுகொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு. தனியாக நின்றது. கால் நாலேதான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். உள்ளே போய்ச் சுட பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்று நான் அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மாள் மரியாதையாகவே முடியாது என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்தால் ட்வைலா வேலிக் கம்பத்தில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதினாறு வருஷம்டா ராசா" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லாத் தின்னு."

அக்டோபர் 16

கடைசி நாள். கூடாரத்தைப் பிரித்தோம். டச்சஸ் மட்டும் சந்தோஷமாக இறங்கினாள். அவளுக்குச் சுமை குறைவு.

"உன்னை யாரு சுட வேணாம்னது? உன்கிட்டயும் சீட்டு இருந்துச்சு. அன்னிக்கு மரத்துக்குள்ள போகும்போது பின்னாலேயே போயிருந்தா உனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கும்" என்று ட்வைலா வழி முழுக்கத் திட்டினாள். அது எனக்குத் தோன்றவே இல்லை என்றேன். உண்மையாகவே தோன்றவில்லை.

நவம்பர் 3

ஓரின் தான் சுட்ட எல்க்கில் ஒரு முன்தொடையைத் துணியில் சுற்றி ட்வைலா வீட்டில் வைத்துவிட்டுப் போனான். கிண்டல் செய்வான் என்று தயாராக இருந்தேன். கஃபேயில் எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தான்: "விரலை விசைக்கு வெளியில வச்சுக்கிட்டு, அண்ணன்காரன் காதுல கத்தக் கத்த, அசையலை பாருங்க." அவன் அங்கே இருந்த மாதிரியே சொன்னான். நான் திருத்தவில்லை.

ஏப்ரல் 1

ட்வைலா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இந்த வருட விண்ணப்பம் போட்டோம். இருவருக்கும் புள்ளி பூஜ்யம். ஹார்ன் க்ரீக்தான் முதல் விருப்பம்.

"கிடைக்கும்போது எனக்கு எழுபத்தேழு. கண்ணு தெரியுமோ என்னமோ" என்றேன்.

"தெரியலைன்னா என்ன, நான் பார்த்துச் சொல்றேன். நீ சுடு."

பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரைக்கு அருகே குனிந்தாள். "அண்ணே, குழுத் தலைவர்னு இருக்கற இடத்துல எப்பவும் உன் பேருதானே போடுவ? தப்பா என் பேரைப் போட்டுட்ட பாரு."

"தெரியும். நீ அனுப்பு" என்றேன்.