பாதியில் வெட்டிய பேச்சு

பென்னாகரம்
மார்ச் 16

அன்பு மகன் தமிழ்ச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிற உடம்போடு ஏதோ நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரை போட்டால் குறைகிறது, விட்டால் வருகிறது. இந்த வருடம் புளி நல்ல காய்ப்பு, வீட்டில் கால் வைக்க இடமில்லை. இனி சொல்லப்போவதைப் போனில் சொன்னால் விடும்மா என்று நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குப் புளி தட்ட வரும் லூர்துமேரியை உனக்குத் தெரியும், டேம் பக்கத்து இலங்கை அகதிகள் கேம்பிலிருந்து பத்து வருடத்துக்கு மேலாக வருகிறாள். போன மாதம் நம் ஊரில் நாலு கிணற்றில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று தெரிவதற்குள் யூடியூப் சேனல்காரர்கள் இரண்டு பேர் மைக்கோடு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னிடம், கேம்ப் ஆட்கள் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நான் மனசில் இருந்ததைச் சொன்னேன். "மொதல்ல அவங்க வந்தப்ப பயமாத்தாங்க இருந்துச்சு, யாரு எவருன்னே தெரியாது. பழகுனதுக்கு அப்பறம் எங்க வூட்டு ஆளுங்க மாதிரி ஆயிட்டாங்க. எனக்கு ஆபரேசன் ஆனப்ப ஆஸ்பத்திரில எங்கூட இருந்தது லூர்துமேரிதான்" என்றேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு சசிகலா போனைக் கொண்டுவந்து காட்டினாள். "பயமாத்தாங்க இருந்துச்சு, யாரு எவருன்னே தெரியாது", அவ்வளவுதான், முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. பேய்ப்படத்துக்குப் போடுகிற மியூசிக், அகதி முகாமால் அச்சத்தில் கிராமம் என்று சிவப்பு எழுத்து, நடுவில் பெரிதாக என் முகம்.

ஊரே பார்த்தது. டவுன் பஸ்ஸில் கேம்ப் பெண்கள் ஏறினால் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார்கள். லூர்துமேரியின் மகள் சுசித்ரா, கேம்பிலேயே பிறந்து பி.காம். முடித்த பெண், ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள், கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லூர்துமேரியும் இங்கே வரவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு நானே கேம்புக்குப் போனேன். அவள் கோபித்திருந்தால் தேவலை. நாற்காலி போட்டு, பால் ஊற்றாத டீ கொடுத்து, "அக்கா, நீங்கள் முழுக்க என்ன சொல்லியிருப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். பாக்கிற சனத்துக்குத் தெரியாதுதானே" என்றாள். சுசித்ரா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போய் முதலாளியிடம் முழுவதையும் சொன்னேன். "நாங்க என்னங்கம்மா பண்றது, நீங்க சொன்னதத்தான பாத்தோம். வர்ற கஸ்டமருங்க கேக்கறாங்க" என்றார். சேனலுக்குப் போன் போட்டால், எடிட்டிங்கில் போயிருக்கும் என்று வைத்துவிட்டார்கள். நான் பேசுவதை சசிகலா முழுசாக எடுத்துப் போட்டாள், பார்த்தது எல்லாம் நம் சொந்தக்காரர்கள்தான். பிறகு ஒயர் அறுத்தவர்களைப் போலீஸ் பிடித்தது, கேம்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கேட்க ஒரு மைக்கும் வரவில்லை. லூர்துமேரி திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள், சுசித்ராவுக்கு மட்டும் இன்னும் வேலை இல்லை. எனக்கு ஓய்ந்துபோய்விட்டது தம்பி, இன்னும் எத்தனை பேரிடம் போய் மீதியைச் சொல்வது.

நேற்று அவளோடு உட்கார்ந்து புளி தட்டும்போது உன்னுடைய பழைய ரூம் ஞாபகம் வந்தது. போன வருடம் ஜெர்மனிக்கு வந்திருக்கிற அகதிகளைப் பற்றி டிவியில் என்னென்னவோ காட்டினார்கள். உன்னோடு தங்கியிருந்த சிரியாக்காரரும் அகதிதான் என்று தெரிந்ததும் நான் சோறு இறங்காமல் அழுது உன்னை ரூம் மாறச் சொன்னேன். அம்மா, நான் வந்த புதிதில் ஆபீஸ் ஆபீஸாகக் கூடவே வந்து என் பேப்பர் வேலையெல்லாம் முடித்துக் கொடுத்தவர் அவர் என்று நீ சொன்னாய். டிவியிலேயே காட்டுகிறார்கள், உனக்கு என்ன தெரியும் என்று நான்தான் சத்தம் போட்டேன். என் மனசுக்காக நீ மாறினாய். அவர் ஏன் என்று கேட்டாரா, நீ என்ன சொல்லிவிட்டு வந்தாய், எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பார். மாறச் சொன்னது எங்கள் அம்மா என்று உள்ளதைச் சொல், உன் மேல் அதில் தப்பில்லை. மறக்காமல் அவர் பேரை எனக்கு எழுதி அனுப்பு. அதைக்கூட நான் கேட்டதில்லை.

உன் அம்மா
தீர்த்தம்மாள்