என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

என்னங்க,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் குறை ஒன்றுமில்லை.

என் ஆராய்ச்சி மாணவர்களைத் துறைத்தலைவர் வேறொருவரிடம் மாற்றிவிட்டதைப் பற்றிப் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன் அல்லவா? துறைத்தலைவர் உங்களோடு படித்தவர் என்பதால் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை அதில் எழுதவில்லை. உங்களிடம் மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் கேட்டார்: "கதவச் சாத்திக்கிட்டு அழறவங்களுக்கு மாணவர்கள் எதுக்குங்க?" சிரிக்காதவர் யாருமில்லை, துறையில் என் அறையில் கூட இருக்கும் ஆசிரியையைத் தவிர.

அவள்தான் ஒட்டுக்கேட்டுச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அவளோடு பேச்சை நிறுத்தினேன். கடைசியில் அவளே வந்து ஏன் பேசுவதில்லை என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் லீவுங்க. நீங்க அழுததே கூட்டத்துலதான் தெரியும். என்னையும் இப்படித்தான் படுத்துறாரு, நான் போய் அவருகிட்ட சொல்லுவேனா?"

நேற்று குழுத்தலைவி என்னைக் கூப்பிட்டுப் புகாரை முடித்துவிட்டதாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரரே துறைத்தலைவருக்கு போன் பண்ணி, 'அவ ஒரு அழுமூஞ்சி, பெருசா எடுத்துக்காதே'ன்னு சொன்னாராம். அப்புறம் நாங்க என்னம்மா விசாரிக்கிறது?"

நம்மைப் பிரித்துவிட்டால் நான் அடங்கிவிடுவேன் என்று பொய் சொல்கிறார்களோ என்றும் பார்த்தேன். ஆனால் என்னை அழுமூஞ்சி என்று சொல்வது நீங்கள் ஒருவர்தானே.

நாளை மறுபடியும் புகார் கொடுக்கிறேன். என் அறையில் இருப்பவளும் கூடவே கையெழுத்துப் போடுகிறாள்.

'நான் சொல்லவில்லை' என்று போனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பிவிடுவேன். நேரில் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி