முத்தம் வெட்டப்பட்ட படம்

12 ஏப்ரல் 2007, வியாழன். அல் கோபார், சவுதி அரேபியா.

இன்று மாலை டிவியில் ஐம்பதுகளின் அமெரிக்க நடிகை ஒருத்தியின் கறுப்பு வெள்ளைப் படம். என் வீட்டுக்காரர் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"எவ்வளவு கண்ணியம் பாரு உமா! கட்டிப் பிடிக்கறதுகூடக் கிடையாது."

என்னை அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"முத்தத்தை எல்லாம் சேனல்காரன் வெட்டிட்டான். கதவைச் சாத்தறாங்க, அடுத்த நொடி காலைச் சாப்பாடு. கவனிக்கலையா? அந்த நடிகைக்கு நிஜத்துல மூணு கல்யாணம், மூணு டைவர்ஸ். நடுவுல நடிப்பை விட்டுட்டு ஐம்பது வயசுல திரும்பி வந்தா."

கல்லூரி நாளில் ஏதோ பத்திரிகையில் படித்தது. சொன்னதில் அற்பமாய் ஒரு திருப்தி.

அவர் சிரித்தார். "பொறாமையா? ஐம்பதுல திரும்பி வந்தாளா! தைரியசாலிதான்."

எனக்கும் ஐம்பது நெருங்குகிறது. இங்குள்ள இந்தியப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் பெண் வேலைக்குப் போகக் கணவரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு வாரமாகக் கேட்கிறேன். இந்த வயசுல எதுக்கு அலைச்சல் என்கிறார்.

"அவ யார்கிட்டயும் கடிதம் வாங்கல" என்றேன்.

"அது அமெரிக்கா, உமா." சேனலை மாற்றிவிட்டார்.

அவர் அவளை ரசித்ததால் வந்த பொறாமை அப்போதே தீர்ந்துவிட்டது. அவள் வேலைக்குத் திரும்பியதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவர் தூங்கிவிட்டார். சனிக்கிழமை பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.