குறைந்துபோன கால் கிராம்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பொம்மசந்திரா மருந்துக் கம்பெனியில், சென்னையில் அளவு சரிசெய்து அனுப்பிய புது எலக்ட்ரானிக் தராசு எனக்குக் கிடைத்தது. ஸ்டோரில் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்த பொடி, அதில் கால் கிராம் குறைந்தது.

"எங்கேம்மா கொட்டுன?" என்று எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தேன். அதிலும் கால் கிராம் குறைவு.

"இதையும் நான்தான் கொட்டினேனா சார்?"

நம் ராயபுரத்தைவிட இந்த ஊர் தொள்ளாயிரம் மீட்டர் உயரம். பூமியின் மையத்தைவிட்டுத் தள்ளிப்போனால் இழுப்பு குறையும், எடையும் குறையும். வந்த அன்றே தராசை இந்த ஊருக்கு ஏற்றபடி திருத்தாதது யார் தப்பு?

"சரி, வேலையப் பாரு" என்றார். ஒரு மன்னிப்புகூட இல்லை!

கம்பெனி பஸ் வந்துவிட்டது. வீடியோவில் இளைத்துவிட்டேன் என்றாயே, அதில் பூமி குறைத்தது பன்னிரண்டு கிராம்தான். மீதி மூன்று கிலோ, தனியாகச் சாப்பிட்டதில் போனது. நெத்திலித் தொக்கு அனுப்பு.

உன்,
ஜெனிட்டா