உப்பு இல்லையேட்டி

இன்று மதியம் நம் மகள் என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். எவர்சில்வர் தட்டு, சிமெண்டுத் தரை. ஆனாலும் ஒரு சத்தம் இல்லை. உன் நினைப்பு வந்துவிட்டது. ஆகா, இது சண்டை இல்லை, சடவு என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

பக்கத்திலிருக்கும் திருவேங்கடத்திலிருந்து நீ வாக்கப்பட்டு வரும்வரை இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். பூ வாங்கிவர மறந்த ஒரு நாள், பேசாமல் பரிமாறினாய். "என்னட்டி, சண்டையா?" என்றேன்.

"சண்டன்னா தட்டு நங்குன்னு விழும். சடவுன்னா சத்தமே வராது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்காதிய" என்று சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாய். அம்மாடி, என்ன அழுத்தம் உனக்கு!

சடவை முறிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அருமையான குழம்பைப் பிசைந்துகொண்டே, "உப்பு இல்லையேட்டி" என்பேன். "நாக்கு செத்தா போச்சு?" என்று கரண்டியால் சட்டியில் ஓங்கித் தட்டுவாய். அப்பாடா, சண்டை வந்துவிட்டது! "ரெண்டு சாமியே ஒரே ஒடம்புல ஆளுக்குப் பாதியா ஒத்துமையா நிக்குத ஊரு. இங்கன வந்து உங்களுக்கு வாக்கப்பட்டேன் பாருங்க" என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடுவாய். ஏசும்போதே உனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த மகள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு சென்னைக்கு வரச் சொன்னாள். "நான் போய்ச் சேந்த பொறவு வந்து பூட்டிக்கோ" என்று வாயை விட்டுவிட்டேன். அதோடு அவள் பேச்சு நின்றது. நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். இப்படியே போய்விட்டால்? எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதானே. பயந்துபோனேன்.

ஒரு வாய் சாப்பிட்டேன். அப்படியே உன் கைப்பக்குவம்.

"என்ன மக்கா, உப்பே இல்ல?"

"ஏம்ப்பா, நாக்கு செத்தா போச்சு?" ரசக் கிண்ணம் நங்கென்று தரையில் இறங்கியது. "தனியா கெடந்து ஓட்டல் சோறு தின்னா அப்படித்தான் இருக்கும். சொன்னா கேக்கியளா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும்தான்.

"தீவாளிக்கு வாரேன். பத்து நாள் இருக்கேன்" என்றேன்.

"ஒரு மாசம்" என்றாள். அந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீ போனதிலிருந்து, தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "உப்பு இல்லையேட்டி" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்றுதான் பதில் வந்தது.